விபரம்

பாண்டிருப்பு மெயின் ரோட்டில்
என் பிரேம் கடைக்கு வருகிறவை
அநேகமாய்த் தலை கால் உள்ளவை.
கலியாணச் சோடி. பட்டம் பெற்ற பிள்ளை.
திரௌபதை அம்மன். கஃபா.
கொக்கியை எங்கே அடிப்பது என்று
ஒரு நாளும் யோசித்ததில்லை.

றுமைஸா கொண்டுவந்தது சதுரம்.
ஆஸ்பத்திரி லாப்பில் வேலை, ஊர் மருதமுனை.
ஸ்கூட்டியில் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி
வழி முழுக்கக் காற்றோடு சண்டை பிடித்து வந்திருக்கிறாள்.

"எது மேல் பக்கம் புள்ள?"
"தெரியா அங்கிள். நீங்க பாத்துச் சொல்லுங்க."

வில்வில்லாக, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி
நீலக் கோடுகள்.
கொடுவாச் செதில் என்றேன்.
அலையாம்.
ஜப்பானில் இதைத் துணியில் போடுவார்களாம்
நெடுங்காலமாக,
வீட்டில் அமைதி நிலைக்கட்டும் என்று.
(நான் ஒன்றும் சொல்லவில்லை.)
குறுக்கே மருதமுனைச் சாரத்தின் கட்டங்கள்
மெரூன் நிறத்தில்,
ஓரிடத்தில் மட்டும் தறி பிழைத்தது போல வளைந்து.
மூலையில் உள்ளங்கை அளவு வெறும் கன்வஸ்.

"பூச மறந்திட்டியா?"
"மறக்கல்ல. விட்டது."

பின்புறம் பென்சிலில் மூன்று வரி.
ஜப்பான்காரர் கவிதை கட்டும் முறையாம்.
ஒரு நண்டு, கொஞ்சம் ஈரம், யாருடையதோ ஒரு கால்தடம்.
நான் மூச்சை விடுமுன் முடிந்துவிட்டது.
"மிச்சம் எங்க?"
"அதைத்தானே கீறியிருக்கன்."

சுவரில் சாத்தி வைத்தேன்.
காலையில் ஒரு பக்கமாய்,
பகல் சோற்றுக்குப் பிறகு திருப்பி மறு பக்கமாய்.
வெறும் இடம் மேலே வந்தால் நிலவு.
கீழே வந்தால்
யாரோ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி.
சீட்டுக்காசுக்கு வந்த இன்பராணி
"நல்ல கலர், ஊத்தை தெரியாது" என்றாள்.

ஜப்பான் சொல் எனக்கு ஒன்றுதான் தெரியும்.
இந்தக் கரையில் எல்லாருக்கும் அது ஒன்றுதான்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படித்தது.
அடுத்து வந்த தை மாதம் முழுக்க
அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த முகங்கள்,
லமினேட் மடிந்த கோடு சிலரது நெற்றியில்.
ஒரே வீட்டுக்கு ஐந்து.
கண்ணாடி தீர்ந்து மட்டக்களப்புக்கு ஆள் அனுப்பினேன்.
அப்போது ஒருவர்
கையில் படமே இல்லாமல் வந்தார்.
வெறும் பிரேம் போதும் என்றார்,
இந்த அளவு என்று
கைகளை அகட்டிக் காட்டினார்.
செய்து கொடுத்தேன்.
காசு வாங்கினேனா, ஞாபகமில்லை.

நாலாம் நாள்
வெறும் இடம் கீழே, வலது மூலையில் வரும்படி
கொக்கி அடித்தேன்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
வாசல்வரை பின்னுக்குப் போய் நின்று பார்த்தாள்.
லொறி ஒன்று ஹோர்ன் அடித்த பிறகுதான்
உள்ளே வந்தாள்.

பில் புத்தகத்தில் 'விபரம்' என்ற இடத்தில்
"கலியாணம், 12க்கு 18" என்று எழுதிப் பழகிய கை.
கொஞ்சம் நின்று, எழுதியது:

ரெண்டு அடி நீலம்
கண்ணாடி வேண்டாம் என்றார்
மிச்சம் எண்ணூறு

எண்ணூறை எடுக்கப் போனவள்
பில்லைத் திரும்ப வாசித்தாள்.
விரல் மடித்து எண்ணினாள்.
ஐந்து, ஏழு, ஐந்து வரவேணுமாம்;
முதல் வரியில் ஒன்று கூடவாம்.
"ரெண்டையும் அடியையும் சேத்து
ரெண்டடி எண்டு எழுதுங்க அங்கிள்,
சரியாயிரும்."

வெட்டி எழுதிக் கொடுத்தேன்.
கார்பன் கொப்பியில்
ரெண்டும் தெரிகிறது.